முத்துக்கரை – 9: அல்லிராணி வீட்டு வாசலில் கடல்

போன வாரம் இரண்டு பேரை அருவியாற்றங்கரைக் காட்டில் விட்டுவிட்டு வந்தோம். பின்னால் கண்டி அரசனின் ஆட்கள் வருகிறார்களா, முன்னால் கிடப்பது யாருடைய எல்லை, ஒன்றும் தெரியாது. ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் கடல் இருக்கும், கடல் இருந்தால் ஒல்லாந்தர் இருப்பார்கள். இந்தக் கணக்கை மட்டும் நம்பி நடந்துகொண்டிருந்தார்கள்.

கணக்குத் தப்பவில்லை. 1679 அக்டோபர் 18, சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணிபோல இருவரும் அரிப்புக் கோட்டையை அடைந்தார்கள். ஒருவர் ரொபர்ட் நாக்ஸ், மற்றவர் ஸ்டீபன் ரட்லண்ட். 1660இல் கொட்டியாரத்தில் சிறைபிடிக்கப்பட்டவர்கள். 19 வருடமும் ஆறு மாதமும் கழித்து வெளியே வருகிறார்கள். தாடியும் தலைமுடியும் வளர்ந்து, இடுப்பில் சிங்களக் குடியானவனின் துண்டு கட்டி வந்து நின்றவர்கள் இங்கிலீஷ்காரர் என்று சொன்னால் காவல் நின்ற சிப்பாய் உடனே நம்பியிருப்பானா என்று நான் யோசிப்பதுண்டு. நம்பினார்கள். சோறு போட்டார்கள். மன்னார்த் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து கொழும்பு, பத்தாவியா, கடைசியில் லண்டன். 1681இல் நாக்ஸின் புத்தகம் அச்சேறியது. டேனியல் டீபோ ராபின்சன் குரூசோவை எழுதியபோது இந்தப் புத்தகமும் அவர் மனதில் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு.

நாக்ஸ் இனி நமக்கு வேண்டாம். அவர் வந்து நின்ற இடம்தான் வேண்டும்.

அரிப்புக் கோட்டை பெரிய கோட்டையல்ல. போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. இரண்டே கொத்தளம். யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு இது கோட்டை வீட்டு மாட்டுத்தொழுவம். எதிரியை மறிக்கக் கட்டியதும் அல்ல. எதிரே கடலுக்கடியில் கிடந்த சிப்பிப் பார்களுக்குக் காவல். பார் என்றால் கடலடிப் பாறைத்தட்டு. அதில் ஒட்டிக்கொண்டுதான் முத்துச்சிப்பி வளரும். சேவல்பார், மோதரகம்பார், பெரியபார் என்று இந்தக் கடலோடிகள் வயற்காணிக்குப் பெயர் வைப்பதுபோல் கடலடிக்கும் பெயர் வைத்திருந்தார்கள். போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், இங்கிலீஷ்காரன் மூவரும் இந்த வெறும் மணற்கரைக்கு வந்து குந்தியிருந்ததற்குக் காரணம் அந்தப் பார்கள்தான்.

நாக்ஸ் வந்துபோய் நூற்றிருபது வருடம் கழித்து, அதே அரிப்பில், அந்தச் சின்னக் கோட்டைக்குத் தெற்கே கடலைப் பார்த்த செம்மண் மேட்டில், ஒருவர் வீடு கட்டத் தொடங்கினார். கோட்டையல்ல, கச்சேரியல்ல. தூண் நிறுத்திய கிரேக்க வீடு.

மன்னாரில் ஓட்டோக்காரரிடம் "டோரிக் மாளிகைக்குப் போகவேணும்" என்று சொல்லிப் பாருங்கள். முழிப்பார். கடற்கரையோரம், இடிந்த வீடு, தூண் என்று விளக்கிய பிறகு அவருக்கு வெளிச்சம் வரும். "அல்லிராணி கோட்டையைச் சொல்லுறியளோ?"

அதேதான். ஊருக்கு அது அல்லிராணி கோட்டை. குதிரைமலையிலிருந்து இந்தக் கரையை ஆண்டதாகச் சொல்லப்படும் அல்லி, ஆண்களை அடக்கி அரசாண்டவள், அர்ச்சுனனுக்கு வாழ்க்கைப்பட்ட அதே அல்லி. கதையில் அவளுக்கு முத்தும் உண்டு, குதிரையும் உண்டு. அவள் இருந்த மாளிகை இதுதான் என்று அரிப்பும் சிலாவத்துறையும் முடிவுசெய்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. கட்டியவர் பெயர் பிரெடரிக் நோர்த், இலங்கையின் முதலாவது பிரித்தானியக் கவர்னர், கட்டியது 1801க்கும் 1804க்கும் இடையில் என்று பலகை வைத்துச் சொன்னாலும் ஊர் பெயரை மாற்றவில்லை. மாற்றவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடம் ஆண்டுவிட்டுக் கப்பலேறியவரைவிட அல்லிக்கு இந்தக் கரையில் உரித்து அதிகம்.

ஆனாலும் கட்டியவரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். இந்த வீடு ஏன் கிரேக்க வேஷம் போட்டது என்பதற்கு விடை அந்த மனிதரிடம் இருக்கிறது.

பிரெடரிக் நோர்த் 1766இல் பிறந்தவர். தகப்பன் லோர்ட் நோர்த், அமெரிக்கா கைவிட்டுப் போனபோது இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர். பிரதமர் வீட்டு இளைய மகன் அரசியலில் முட்டி மோதியிருக்கலாம். இவர் கிரேக்கத்தில் மனதைத் தொலைத்தார். லண்டனில் அப்போது அது ஒரு காய்ச்சல். ஸ்டூவர்ட், ரெவெட் என்ற இருவர் ஏதென்ஸுக்குப் போய்க் கோயில்களை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்த புத்தகத்தின் முதற்பகுதி 1762இல் வந்திருந்தது. பணமும் பொழுதும் உள்ள பிள்ளைகள் கிரேக்கத் தூண்களைப் படத்தில் பார்த்து உருகினார்கள். நோர்த் படத்தோடு நிற்கவில்லை. 1791இல், 24 வயதில், கோர்ஃபு தீவுக்குப் போய்க் கிரேக்க மரபுவழித் திருச்சபையிலேயே சேர்ந்துவிட்டார். வெளியே சொல்லவில்லை. இங்கிலாந்துப் பிரபு குடும்பத்தில் அது சொல்லக்கூடிய செய்தியுமல்ல.

அந்த இரகசியத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் 1798 அக்டோபரில் கொழும்பில் வந்து இறங்கினார்.

இலங்கையில் அவர் செய்ததெல்லாம் ஒரு தினுசு. ஆர்வம் ஆறாகப் பாயும், கணக்கு உதைக்கும். 1802இல் அரசாங்கக் கசெட்டைத் தொடங்கினார், அது இன்றும் வருகிறது. அம்மைப்பால் வைப்பதைக் கொண்டுவந்தார். 1803இல் கண்டிமேல் படை அனுப்பினார். அந்தக் கதையின் முடிவு உங்களுக்குத் தெரியும்: ஜூன் மாதம் மேஜர் டேவியின் படை சரணடைந்து மகாவலிக் கரையில் வெட்டுண்டு கிடந்தது. மலைநாட்டில் அந்த அவமானம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் அரிப்பில் கொத்தன்மார் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இதை நினைக்கும்போது எனக்கு நோர்த்மேல் கோபம் வரும். படத்தில் அந்தத் தூணைப் பார்த்தால் கொஞ்சம் தணியும்.

தூணுக்கு வருவோம்.

டோரிக் என்பது கிரேக்கர் கட்டடக்கலையில் பழைய, முரட்டு முறை. தூண் தடிப்பாக இருக்கும், நெடுக வரிவரியாகக் குழிவு ஓடும், அலங்காரம் குறைவு. கிரேக்கத்தில் அதைச் சலவைக்கல்லில் செய்தார்கள். அரிப்பில் சலவைக்கல்லுக்கு எங்கே போவது? செங்கல்லை அடுக்கி உருட்டித் தூணாக்கி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். அந்தச் சுண்ணாம்புதான் விசேஷம்: சிப்பி சுட்ட சுண்ணாம்பு.

சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, முடிந்த கரையில் சிப்பி ஓடு மலைமலையாகக் கிடக்கும். முத்தை எடுத்தாயிற்று, சதை அழுகிப் போயிற்று, ஓட்டை யாரும் சீந்துவதில்லை. அதை அள்ளிக் காளவாயில் விறகோடு அடுக்கிச் சுட்டால் வெளுத்து நொறுங்கும். தண்ணீர் தெளித்தால் சீறிப் பூத்து மாவாகும். சலித்து, மணல் கலந்து, அரைத்து, புளிக்க வைத்து, அடுக்கடுக்காகப் பூசுவார்கள். கடைசிப் பூச்சு வெறும் சுண்ணாம்பு வெண்ணெய். தென்னிந்தியக் கொத்தன்மார் அதில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது வழக்கம். ஈரம் காயுமுன் வழுவழுத்த கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சுவர் கண்ணாடி மாதிரி முகம் காட்டும். மதராஸ் பங்களாக்களைப் பார்த்த வெள்ளைக்காரர் சலவைக்கல் என்றே ஏமாந்தது இந்த வித்தையில்தான்.

ஜேம்ஸ் கார்டினர் என்ற பாதிரியார், கொழும்புப் படைக்கு மதகுருவாக இருந்தவர், முத்துக்குளிப்பு பார்க்க அரிப்புக்கு வந்தவர், 1807இல் வெளியிட்ட இலங்கை பற்றிய புத்தகத்தில் இந்த வீட்டை வானளாவப் புகழ்ந்திருக்கிறார். தீவிலேயே இதுதான் அழகான கட்டடம், கட்டடக்கலை விதிப்படி எழுந்தது ஏறக்குறைய இது ஒன்றுதான் என்பது அவர் கட்சி. பொலன்னறுவை காட்டுக்குள் மூடிக்கிடந்த காலம், பாதிரியாரை மன்னிப்போம். இரண்டு மாடி, முன்னால் தூண்கள், மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பற்றைக்காடு. கவர்னர் வருடத்தில் சில வாரம் தங்கி, எத்தனை தோணி போகிறது, எத்தனை சிப்பி வருகிறது என்று பார்ப்பதற்கு இவ்வளவும்.

அந்தச் சில வாரங்களைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். மற்ற நாளில் ஈ காக்கை இல்லாத கரை. சலாபம் கூறியதும் கீழக்கரை, தூத்துக்குடி, இராமேசுவரம், யாழ்ப்பாணம் என்று நாலா பக்கமிருந்தும் தோணி வந்து சேரும். குளியாட்கள், கயிறு பிடிக்கிற முண்டக்குகள், தண்டல், சம்மாட்டி, அவர்களுக்குப் பின்னால் செட்டி, மரைக்காயர், முத்துக்குத் துளை போடுகிறவன், சோறு விற்கிறவள், பாம்பாட்டி, பிச்சைக்காரன். ஓலைக் கொட்டிலிலேயே ஒரு பட்டணம் எழும்பும். நடு இரவு கழிந்து பீரங்கி வெடித்ததும் கரைக்காற்றைப் பிடித்துக்கொண்டு தோணிகள் பாருக்குப் போகும். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு குளியாள் இறங்குவான். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே கடல்கட்டி என்ற மந்திரக்காரர் உண்டு, அவருக்கு அரசாங்கமே படி அளந்தது. கடல்கட்டி வராவிட்டால் குளியாள் தண்ணீரில் இறங்கமாட்டான், கவர்னர் சொன்னாலும் சரி, கவர்னரின் தகப்பன் சொன்னாலும் சரி. பின்னேரம் கடற்காற்றில் தோணிகள் திரும்பும். கொட்டு என்ற அடைப்புக்குள் சிப்பியைக் கொட்டி மூன்று கூறாக்குவார்கள். பிற்காலத்து வழக்கப்படி இரண்டு கூறு அரசாங்கத்துக்கு, ஒன்று தோணிக்கு.

பிறகு நாற்றம். சிப்பியைக் குவித்து நாட்கணக்கில் அழுக விட்டால்தான் முத்து கழன்று வரும். இலட்சக்கணக்கான சிப்பி ஒரே நேரத்தில் வெயிலில் அழுகினால் எப்படி இருக்கும்? 1906 சலாபத்தில் மரிச்சுக்கட்டியில் கொட்டுக்குப் பொறுப்பாக இருந்த இளம் சிவில் அதிகாரி ஒருவர் பல வருடம் கழித்தும் அதை மறக்கவில்லை. பெயர் லெனார்ட் வுல்ஃப். பிறகு வர்ஜீனியா வுல்ஃபின் கணவராக உலகம் அறிந்தவர். அந்த நாற்றத்தின் நடுவே கிரேக்கத் தூணில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நோர்த்துக்கு எவ்வளவு பெரிய மூக்கடைப்பு இருந்திருக்க வேண்டும்!

1805இல் நோர்த் போய்விட்டார். வீடு நின்றது. அதற்கு அடுத்து என்ன நடந்தது என்பதற்கு முன் ஒரு சின்னச் சுற்று போகவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோர்த்துக்குப் பின் வந்த கவர்னர் தோமஸ் மெயிட்லண்ட். சிக்கனக்காரர், நோர்த் செய்த எதுவும் பிடிக்காதவர். அவரும் ஒரு கடற்கரை வீடு கட்டினார், கொழும்புக்குத் தெற்கே கல்கிசையில். காலம் சுழன்று 1815க்குப் பிறகு மெயிட்லண்ட் அயோனியத் தீவுகளுக்கு ஆணையாளராகப் போனார், தலைமையிடம் கோர்ஃபு. அங்கே போய்ப் பார்த்தால், அண்ணன்மார் இறந்து பிரபுப் பட்டம் கைக்கு வந்த நம் நோர்த், கிரேக்கருக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று தலைகீழாக நிற்கிறார். மெயிட்லண்ட் உயிரோடிருந்தவரை அது நடக்கவில்லை. 1824 ஜனவரியில் அவர் இறந்தார், அதே வருடம் அயோனிய அக்கடமி திறந்தது. நோர்த் பழங்காலக் கிரேக்கர்போல அங்கி அணிந்து, நெற்றியில் தங்கப்பட்டை கட்டி அதில் நடமாடினார் என்று அங்கிருந்த ஆங்கிலேயர் கேலி எழுதியிருக்கிறார்கள். 1827இல் காலமானார். கிரேக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அரிப்பில் இருப்பது அவர் பெயரை யாரும் சொல்லாத சுவர்.

இரண்டு கவர்னர், இரண்டு கடற்கரை வீடு, ஏறக்குறைய ஒரே காலம். கல்கிசை வீடு இன்று மவுண்ட் லவினியா ஹோட்டல். ரயில் பாதை பக்கத்தில் வந்தது, கொழும்பு வளர்ந்து அதன் வாசல்வரை வந்தது, வீடு ஹோட்டலாயிற்று, கலியாணமும் பிறந்தநாளும் நடக்கிறது. ஒழுகினால் ஒட்டுப்போட ஆள் இருக்கிறது, ஏனென்றால் ஒழுகினால் வாடகை வராது. அரிப்பு வீட்டுக்கு இருந்த ஒரே வாடிக்கைக்காரி சிப்பி. சிப்பியோ நினைத்தால் வரும், நினைத்தால் வராது.

வராமல் போன வருடங்கள்தான் அதிகம். சின்னச் சிப்பியைத் திருக்கையும் கிளாத்தியும் தின்னும், பெருங்காற்று பாரில் மணலை வாரிக்கொட்டிப் புதைக்கும். 1891 சலாபத்துக்குப் பிறகு 1903வரை ஒன்றுமில்லை. பிறகு எல்லாரையும் மயக்கிய 1905: எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி, அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபாய். அந்த வெறியில் மறுவருடமே லண்டன் கம்பனி ஒன்று வருடம் 3,10,000 ரூபாய்க் குத்தகையில் இருபது வருடத்துக்குப் பார்களை எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. 1912இல் கம்பனியைக் கலைத்தார்கள். 1925இல் கடைசியாக ஒருமுறை கரை நிறைந்தது, அதோடு சரி.

பார் பொய்த்தால் அதிகாரி வரமாட்டார். அதிகாரி வராத வீட்டுக்கு யார் ஓடு மாற்றுவார்கள்? பழைய அரிப்புக் கோட்டைக்காவது வேறு பிழைப்புக் கிடைத்தது. சலாப அதிகாரிகளுக்குத் தங்குமிடமாக, பிறகு வழிப்போக்கருக்கு வாடிவீடாக அதைப் பயன்படுத்தினார்கள். நாக்ஸ் வந்து நின்ற கோட்டையில் காசு கொடுத்துப் படுத்துத் தூங்கியிருக்கலாம்! டோரிக் அந்த வேலைக்கும் ஆகவில்லை. கூரை போனது, மாடி இறங்கியது, தூண்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன.

பிறகு யுத்தம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அரிப்பைச் சூழ்ந்த முசலிப் பிரிவின் முஸ்லிம் ஊர்கள் ஒரே மூச்சில் காலியாயின. எஞ்சியிருந்த ஆட்களும் சண்டை வந்தபோதெல்லாம் இடம்பெயர்ந்தார்கள். 2007 செப்டம்பரில் சிலாவத்துறை இராணுவத்தின் கைக்குப் போனது. வீட்டை விட்டு ஓடியவனிடம் அல்லிராணி வீட்டைப் பற்றிக் கேட்க யாருக்கு வாய் வரும்? சனம் திரும்பி வந்தபோது மேட்டின் விளிம்பு வீட்டுக்குள் வந்திருந்தது.

ஆம், விளிம்பு. இந்த வீட்டின் எதிரி பீரங்கியல்ல, பிக்காசுமல்ல. செம்மண் மேடு கல்லில்லாத மண். சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் அலை மேட்டின் அடியைச் சுரண்டும். அடி உள்வாங்கியதும் மேலே உள்ள மண் பொறுக்காமல் பாளமாக விழும், அதோடு ஒரு துண்டுச் சுவரும். கடற்கரையில் நின்று மேலே பார்த்தால் செங்கல் வரிசை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். கீழே மணலில் உருண்டு கிடக்கும் துண்டுகளில் சில இடத்தில் சாந்து இன்னும் ஒட்டியிருக்கும். விரலால் தடவினால் இருநூறு வருடத்துக்கு முன் யாரோ தேய்த்த வழுவழுப்பு.

சட்டம் என்ன சொல்கிறது? 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் புராதனக் கட்டடத்துக்கு ஒரு நாள் குறித்தது: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முன் கட்டியது புராதனம், பின்னால் கட்டியது அல்ல. டோரிக் 11 வருட இடைவெளியில் தப்பி உள்ளே வந்துவிடுகிறது. கண்டியிடம் தோற்ற கவர்னரின் வீட்டுக்குக் கண்டி வீழ்ந்த தேதி காவல்! சட்டம் எழுதியவர்களுக்கு இந்தக் குறும்பு தெரிந்திருக்காது. ஆனால் சட்டம் கட்டடத்தை உடைப்பவனைப் பிடிக்கும், அலையைப் பிடிக்காது.

கருங்கல்லைக் கொட்டி அணை போட்டால் என்ன என்பார்கள். போடலாம். ஆனால் ஓரிடத்தில் கல் போட்டால் அலை தன் பசியைப் பக்கத்துக் கரையில் தீர்த்துக்கொள்ளும், பக்கத்தில் இருப்பது மீனவனின் வாடி. பெயர்த்து உள்ளே நகர்த்தலாமே என்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஹட்டராஸ் முனைக் கலங்கரை விளக்கத்தை 1999இல் அப்படியே நகர்த்தினார்கள், உண்மைதான். அது முழுதாக நின்ற கோபுரம். இங்கே மிச்சமிருப்பது பாதிச் சுவரும் தூண் அடியும். நகர்த்தினால் கையோடு பொடியாகும்.

இன்னொரு ஆபத்து நல்லெண்ணத்திலிருந்து வரும்: சீமெந்து. விரிசல் கண்டால் சீமெந்து குழைத்து அடைப்பது நம்மவர் கைப்பழக்கம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். கடற்காற்றின் உப்பை ஈரத்தோடு இழுக்கும், ஈரத்தோடு வெளியே விடும். சீமெந்து மூக்கைப் பொத்தினால் உப்பு உள்ளேயே பளிங்காகிச் செங்கல்லை உள்ளிருந்து உடைக்கும். இரண்டு மழைக்காலத்தில் சீமெந்துப் பட்டை மட்டும் நிற்கும், பின்னால் செங்கல் மாவாகியிருக்கும்.

என்னைக் கேட்டால், வீட்டைக் காப்பாற்ற முடியும் என்று யாரும் சத்தியம் செய்யவேண்டாம். நிற்கிறவரை சிப்பிச் சுண்ணாம்பால் பிடித்து நிறுத்தலாம், மிச்சமுள்ள ஒவ்வொரு கல்லையும் அளந்து வரைந்து வைக்கலாம். ஏதென்ஸுக்குப் போய் அளந்த ஸ்டூவர்ட்டும் ரெவெட்டும் இல்லையென்றால் இந்த வீடே எழுந்திராது. அந்தத் தூண்களின் குழந்தை அளவெடுக்க ஆளில்லாமல் கடலுக்குப் போவது பெரிய கொடுமை. அல்லியின் கதையையும் அந்த வரைபடத்தோடு சேர்த்து எழுதவேண்டும். இடிபாட்டுக்குப் போக வழி சொல்லித் தந்தது அவள் பெயர்தானே.

நோர்த்தின் தோட்டக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1799இல் அவர் காலத்தில் கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொடையில் ஒரு தாவரத் தோட்டம் தொடங்கினார்கள். ஜொன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் பொறுப்பு. 1810இல் அதை விட்டுக் கொம்பனித்தெருவில் புதுத் தோட்டம், லண்டன் கியூ தோட்டத்தின் பெயரில். பிறகு களுத்துறை, 1821இல் பேராதனை. பேராதனைக்கு இன்று உலகமே வருகிறது. பேலியகொடை தார்ச்சாலைக்கும் சந்தைக்கும் அடியில். கொம்பனித்தெருவில் மிஞ்சியது கியூ வீதி என்ற பெயர்ப்பலகை. தலைநகரத்தில் கவர்னர் போட்ட தோட்டத்தின் கதி அது.

மன்னாரில் தோட்டம் போட்டவர்கள் கவர்னர்கள் அல்ல. வந்துபோன அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்று சொல்லப்படும் பெருக்க மரங்கள் இன்றும் தீவில் நிற்கின்றன. ஆபிரிக்காவின் மரம். பள்ளிமுனையில் நிற்பதைப் போய்ப் பாருங்கள்: உயரம் 7.5 மீட்டர்தான், அடிமரச் சுற்றளவு 19.5 மீட்டர். மேலே வளர மனமில்லாமல் பக்கவாட்டில் வீங்கிய மரம். வயது எழுநூறு என்கிறார்கள். வளையம் எண்ணி வயது பார்க்க வசதிப்படாத மரம் இது, ஆகவே எண்ணிக்கையை அடித்துச் சொல்லத் தாவரவியலார் தயங்குவார்கள். போர்த்துக்கேயர் வந்தபோது அது அங்கே நின்றிருந்தால், அவர்களுடைய கப்பல்களைப் பார்த்திருக்கும்.

அந்தக் கப்பல்களைப் பற்றித்தான் அடுத்த வாரம். அரிப்பிலிருந்து வடக்கே தீவின் வாசலில் மன்னார்க் கோட்டை நிற்கிறது. டோரிக்கைவிட 240 வருடம் மூத்தது. நான்கு கொத்தளமும் இன்னும் நிற்கின்றன. 1658 பெப்ரவரியில் ஒல்லாந்தர், 1795 அக்டோபரில் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே இருந்தது. அதைக் கட்ட வந்தவர் பிரகன்சா பிரபு குடும்பத்துக் கொன்ஸ்தந்தீனு, கோவாவின் வைஸ்ராய். 1560இல் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வந்தார், பிடித்தார், வைத்துக்கொள்ள முடியவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு மன்னாருக்குத் திரும்பினார். முழுத் தோல்வி என்று சொல்லவும் முடியாது. யாழ்ப்பாணத்தில் அள்ளிய கொள்ளைப் பொருட்களுக்குள் ஒரு சின்னப் பொருள் இருந்தது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

அது கோவாவில் இருப்பதாகக் கேள்விப்பட்டதும் வங்கக் கடலுக்கு அப்பால் பெகு நாட்டு அரசன் இலட்சக்கணக்கான பொற்காசு தருகிறேன் என்று தூதனுப்பினான். காலிக் கஜானாவை வைத்திருந்த வைஸ்ராய்க்கு நாக்கில் நீர் ஊறியது. கோவாவின் பேராயர் கஸ்பார் அதைக் கேட்டுவிட்டு, ஓர் உரலும் உலக்கையும் கொண்டுவரச் சொன்னார்.

(தொடரும்)